இன்ஜினுக்குத் தண்ணீரில் கண்டம்

பளபளப்புக்காகப் பீய்ச்சப்படும் நீர், இன்றைய கார்களில் பெரும் செலவை இழுத்து வருகிறது. துணியும் பிரஷ்ஷும் அரை வாளித் தண்ணீரும் இருந்தால் போதும்.

செப்டம்பர் நடுவில் விசுவகர்மா பூஜை. அடுத்த சில வாரங்களில் ஆயுத பூஜை. கொல்கத்தாவிலிருந்து பெங்களூர் வரை பட்டறைகளும் வாட்டர் சர்வீஸ் நிலையங்களும் ஆண்டுதோறும் மூச்சு விட நேரமின்றித் திணறும் காலம் அது. கார் மேடைமீது ஏறுகிறது. பானெட் திறக்கப்படுகிறது. ஒருவர் டீசலையோ மண்ணெண்ணெயையோ தெளிக்கிறார். இன்னொருவர் பீய்ச்சுக்குழலை எடுத்துக் குறி பார்க்கிறார். பத்தே நிமிடங்களில் ஓராண்டு அழுக்கு கறுப்பு நீராய் வடிந்துவிட, இன்ஜின் புது மாப்பிள்ளை போல மினுக்குகிறது. மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் இருமுகிறது, உதறுகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைய மறுக்கிறது.

சில கார்கள் வெயிலில் காய்ந்ததும் சரியாகிவிடும். சில கார்களுக்கு உதிரிபாகமே மாற்ற வேண்டிவரும். இத்தனைக்கும் அழுக்கை அகற்ற நினைத்ததில் தவறு இல்லை. அகற்றிய விதத்தில்தான் வினை. கார்கள் மாறிவிட்டன, அவற்றைக் கழுவும் பழக்கம் மாறவில்லை.

அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்தக் காரின் பானெட்டுக்குள் ஓர் ஆள் இறங்கி நிற்குமளவுக்கு இடம் இருந்தது. பழைய மாடல்களில் ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், எண்ணிவிடக் கூடிய அளவில் ஒயர்கள். தண்ணீர் புகுந்தால் டிரைவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து மாட்டி, நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்வார். வண்டி கிளம்பிவிடும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800இன் ஆரம்பகால இன்ஜினும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

2000ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகத் தொடங்கியதும் கார்புரேட்டர் விடைபெற்றது. எரிபொருளைக் கணக்கிட்டுத் தெளிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலுக்கு வந்தன. இன்றைய இன்ஜினைச் சுற்றி, காற்றின் அளவு, வெப்பம், புகையில் உள்ள ஆக்சிஜன் என ஒவ்வொன்றையும் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. பல பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் மீதும் தனித்தனி இக்னிஷன் காயில் இருக்கிறது. பிளக் அமர்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கினால் தீப்பொறி தடுமாறும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரை அளவுக்கு மீறிச் சூடாக்கும். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள அந்தப் பாகத்துக்கு எமன், பிளக் குழியில் தேங்கிய சில கரண்டித் தண்ணீர்.

மழையில் ஓடும் காருக்கு, கழுவினால் மட்டும் என்ன ஆகிவிடும் என்ற கேள்வி நியாயமானதே. பதில், நீரின் வேகத்தில் இருக்கிறது. சாலையில் மழை நீர் அடியிலிருந்தும் முன்பக்கத்திலிருந்தும் சிதறலாகவே உள்ளே வருகிறது. ஒயர் இணைப்புகள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஐபி 67 என்ற தரக் குறியீடு பெற்ற இணைப்பு, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் ஒரு மீட்டர் நீரின் அழுத்தம் வெறும் 0.1 பார். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் சாதாரண பிரஷர் வாஷரின் பம்பே 100 பார் அழுத்தம் தருகிறது. கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல இது நாற்பது மடங்குக்கும் மேல். மூழ்கினாலும் தாங்கும் ரப்பர் வளையம் இந்தப் பீய்ச்சலுக்கு வழிவிட்டுவிடலாம்.

சூடு இன்னொரு எதிரி. ஓடி முடித்த இன்ஜினின் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். புகை வெளியேறும் மேனிஃபோல்டின் வெப்பம் சில நூறு டிகிரி. அதன்மீது குளிர்ந்த நீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்க வாய்ப்புண்டு. மூடிய மின்னணுப் பெட்டிகளில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சூடான பெட்டி சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, விளிம்பில் நிற்கும் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப் போன ஈரம் எளிதில் வெளியே வராது. பச்சைக் களிம்பாகி, மாதங்கள் கழித்துத் தன் வேலையைக் காட்டும்.

டீசல், மண்ணெண்ணெய் வைத்தியம் இதைவிட ஆபத்தானது. மண்ணெண்ணெயின் ஆவி சுமார் 40 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். பெட்ரோலுக்கு அந்த வெப்பம்கூடத் தேவையில்லை. உறையும் குளிரிலும் அது பற்றும். சூடான மேனிஃபோல்டுக்கு அருகில், பேட்டரி இணைப்போடு, இவற்றைத் தெளிப்பது தீயோடு விளையாடுவதுதான். தீப்பிடிக்காமல் தப்பினாலும், கூலன்ட் செல்லும் ரப்பர் குழாய்கள் எண்ணெய் பட்டு ஊதி இளகும். மிஞ்சிய பிசுக்கில் மறுநாளே புழுதி ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை ஆபத்து என்றால் அழுக்கை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் வேப்பிலையும் சருகும் சேர்ந்து வடிகால் துளையை அடைத்தால், மழை நீர் காருக்குள் இறங்கும். பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளை, நீலப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். எண்ணெயில் ஊறிய தூசும் மறந்து வைத்த துணியும் தீக்கு இரை. போதாக்குறைக்கு, மழைக்காலத்தில் சூடான இன்ஜினைத் தேடி வரும் எலிகள் கூடு கட்டி, ஒயரைக் கடித்துவைக்கும். எலிப் புழுக்கை கிடந்தால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினியால் நனைத்த பிறகே துடைத்தெடுக்க வேண்டும். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைப் பரப்பக் கூடியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழுக்கு ஒரு சாட்சி. ஒரே இடத்தில் ஈரக் கறுப்பு படிந்திருந்தால் ஆயில் கசிகிறது. குழாய் இணைப்பில் பச்சையோ இளஞ்சிவப்போ காய்ந்து ஒட்டியிருந்தால் கூலன்ட் கசிகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் துடைப்பதற்கு முன் பார்ப்பது இதைத்தான். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பளபளக்கும் இன்ஜினைக் கண்டு மயங்குவதைவிடச் சந்தேகப்படுவது நல்லது. முந்தின நாள் கழுவிய இன்ஜினில் கசிவு தெரியாது. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுபடி பானெட்டைத் திறந்து பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும்.

பாதுகாப்பான முறை எளியது, பொறுமைதான் வேண்டும். காரை நிழலில் நிறுத்தி, இரண்டு மணி நேரமாவது ஆற விட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பல கார்களில் இன்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானே சுழலத் தொடங்கலாம் என்பதால், சாவியை எடுத்துவிட வேண்டும். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியை வீட்டுக்குள் வைப்பது உத்தமம். பேட்டரியைக் கழற்றுவதானால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். சில கார்களில் கடிகாரம், ரேடியோ போன்றவற்றை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதால், கையேட்டை ஒரு தரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதலில் ஈரமில்லாத வேலை. சருகைக் கையால் பொறுக்கி, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினாலே பாதி அழுக்கு போய்விடும். பிறகு ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, இக்னிஷன் காயில்கள், காற்று உள்ளே போகும் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் மூட வேண்டும். தண்ணீரில் கரையும் டிகிரீசரை நேரடியாக இன்ஜின்மீது அடிக்காமல், துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். கடைசியில் பிழிந்த ஈரத் துணி. ஒயர் இணைப்புகளைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. பேட்டரி முனைப் பொடிக்கு ஒரு டம்ளர் நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து தேய்த்து, துடைத்து, வாசலின் தடவலாம். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. பளபளப்பூட்டும் ஸ்பிரே பிளாஸ்டிக் மூடிகளோடு நிற்கட்டும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

முடிந்ததும் பைகளையும் துணிகளையும் எண்ணி எடுத்துவிட்டு, பானெட்டை ஒரு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இப்படிச் செய்தால் போதும்.

ஹைபிரிட் கார்களுக்கும் மின்சாரக் கார்களுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாய்கிறது. 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்ட தைரியத்தில் அவற்றில் கை வைக்கக் கூடாது.

கழுவிக் கெட்ட காருக்கு இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்றும் நம்ப முடியாது. சாதாரண மோட்டார் பாலிசி இயந்திர, மின் கோளாறுகளை விலக்கியே வைத்திருக்கிறது. தண்ணீருக்கும் இப்போது விலை ஏறிவிட்டது. 2024 மார்ச்சில் வறட்சியில் தவித்த பெங்களூரில், குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம், குழாய் போட்டுக் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் விதிக்க தில்லி அரசு உத்தரவிட்டது. தோட்டக் குழாயில் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும். துணியால் துடைக்க அரை வாளி போதும். எண்ணெய் கலந்த கழுநீர் தெருச் சாக்கடை வழியே ஏரிக்கு ஓடுவதும் குறையும்.

பூஜைக்குச் சுத்தம் வேண்டியதுதான். எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டுமானால் முதலில் வண்டி நகர வேண்டும்.