சூரியனைச் சூழ்ந்த பெருஞ்சூடு

பொழிச்சலூர் மொட்டைமாடியில் வற்றல் காய்கிற வெயில், சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் சூடுள்ள சூரியப் பரப்பிலிருந்து வருகிறது. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையும் அல்லவா? சூரியனிலோ, வெளி வளிமண்டலமான கொரோனா 10 லட்சம் டிகிரியையும் தாண்டுகிறது!

1869 கிரகணத்தில் கொரோனாவில் தெரிந்த பச்சை ஒளிக்கோடு பல்லாண்டு புதிராகவே இருந்தது. 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் ஒளி அது என்று 1940களில் ஸ்வீடன் விஞ்ஞானி எட்லென் காட்டினார். இரும்பு அப்படி எலக்ட்ரான்களை இழக்க, அத்தனை வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்துக்கான ஆற்றலைத் தருவது சூரியனின் காந்தப்புலம். காந்த அலைகளா, நுண்ணிய காந்த வெடிப்புகளா, எதன் பங்கு அதிகம் என்பதில்தான் விவாதம்.

செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து 2023 செப்டம்பர் 2இல் அனுப்பிய இந்தியாவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா எல்-1, அதே பச்சைக் கோட்டைக் கவனிக்கும் கருவியைச் சுமந்து செல்கிறது.