பதினெட்டு வளைவும் பழைய ஜீப்பின் பிரேக்கும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஏற்ற இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டு போகும் வீதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். முச்சக்கர வண்டி குறுக்கே வந்தால் ஒரு மிதி, மாடு படுத்திருந்தால் ஒரு மிதி. இரண்டு மிதிக்கும் நடுவில் பிரேக் ஆறிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். முப்பது, நாற்பது வருடம் பழசான ஃபோர் வீல் ஜீப்புகள் இந்தக் கரையில் பெரிய முறைப்பாடில்லாமல் ஓடுவது அதனால்தான்.

குறை தெரிய வருவது கண்டிக்குப் போய்த் திரும்பும்போது. அம்பாறை, மஹாஓயா, மஹியங்கனை வழியாகப் போகையில் மலை ஏறுகிறோம். வீடு திரும்பும்போதுதான் இறங்குகிறோம். ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி அந்தப் பதினெட்டு வளைவில் (வீதியை அகலமாக்கியதில் ஒன்று குறைந்துவிட்டது என்கிறார்கள், பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது) பாதி இறங்கும் முன்பே லைனர் கருகும் நெடி மூக்கில் ஏறும். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிடத் தாழப் போகும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்துக்கு வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. 4டிஆர்5 எஞ்சின் பூட்டிய மிட்சுபிஷி ஜீப், சீரிஸ் லேண்ட் ரோவர், பழைய லேண்ட் குரூசர் எல்லாம் கராஜ்களில் புது உயிர் பெறுகின்றன. பெயின்ட்டும் டயரும் முடிந்த கையோடு பிரேக்கைப் பற்றிய பேச்சு வரும். பேச்சும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

“முன்னுக்கு டிஸ்க் போட்டாச் சரியாகிடும்தானே காக்கா?”

“சரியாகும் தம்பி. ஆனா டிஸ்க்க மட்டும் போட்டாச் சரியாகாது.”

கராஜ் பாஸ்மாரின் இந்தப் பதிலுக்குப் பின்னால் முழுப் பௌதிகமும் இருக்கிறது.

வாகனத்தை நிறுத்துவது டிரம்மும் அல்ல, டிஸ்க்கும் அல்ல; தரையைப் பற்றும் டயர். காய்ந்த தார் வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் ஜீப், பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 20 மீற்றர் எடுக்கும். பழைய டிரம் பிரேக்கால் நான்கு சில்லையும் இறுக்கி வழுக்க வைக்க முடிகிறது என்றால், அந்த ஒரு தடவை நிறுத்தத்தில் டிஸ்க் பெரிதாக எதையும் குறைத்துத் தராது. அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப் போட்டிருக்கும்போதோ, காற்று கடற்கரை மணலைத் தாருக்கு மேல் கொண்டுவந்து தள்ளியிருக்கும்போதோ எந்தப் பிரேக்காலும் அந்த 20 மீற்றருக்குள் நிற்க முடியாது. அகலமான பெரிய டயர் போட்டால் நன்றாக நிற்கும் என்று நினைப்பவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். டயரின் ஆரம் பத்து வீதம் கூடினால், அதே பிரேக் தரையில் தரும் விசை ஏறத்தாழ பத்து வீதம் குறையும்.

அப்படியென்றால் டிஸ்க் எதற்கு? வெப்பத்துக்கு.

1,800 கிலோ எடையுள்ள ஜீப் 60 கிலோமீற்றர் வேகத்தில் சுமக்கும் இயக்க சக்தி சுமார் 250 கிலோஜூல். நின்றதும் அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிவிடுகிறது. இப்போது அதே ஜீப்பை மலையிலிருந்து இறக்கிப் பாருங்கள். உயரம் 100 மீற்றர் குறைந்தால் வெளிப்படும் சக்தி சுமார் 1,770 கிலோஜூல். அறுபதில் வந்து ஏழு தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். 300 மீற்றர் உயரத்தை முழுக்கப் பிரேக்கிலேயே இறக்கினால் அதில் சேரும் வெப்பம், 30 பாகையில் இருக்கும் 18 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அவ்வளவும் நான்கு இரும்புச் சட்டிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

டிரம் பிரேக் சாமர்த்தியமான பொறி என்பதில் சந்தேகமில்லை. ஷூ டிரம்மில் உரசியதும் சுழலும் டிரம்மே அந்த ஷூவை இன்னும் தன்மேல் இழுத்து இறுக்கிக்கொள்ளும். கால் கொடுத்த விசை உள்ளே போய்ப் பெருகுவதால்தான் பூஸ்டர் இல்லாத காலத்திலும் இவ்வளவு கனமான வாகனங்களை ஒற்றைக் காலால் நிறுத்த முடிந்தது. நீண்ட உடம்புள்ள 109 அங்குல (முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம்) லேண்ட் ரோவரின் முன் சில்லுகளில் இரண்டு ஷூவுமே இப்படித் தன்னை இறுக்கிக்கொள்ளும் வகை. முன்னோக்கிப் போகையில் அருமையாகப் பிடிக்கும்; மேட்டில் நின்று பின்னால் வழுகும்போது பாதிக்கூடப் பிடிக்காது.

சிக்கல் என்னவென்றால், உராய்வு கூடும்போது பெருகுவது போலவே, குறையும்போதும் பெருக்கித்தான் குறையும். வெப்பம் ஏறி லைனரின் பிடிமானம் கொஞ்சம் விழுந்தால் நிறுத்தும் விசை அதைவிட அதிகமாக விழும். அத்தோடு சூடான டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பத்து அங்குல வார்ப்பிரும்பு டிரம் 250 பாகை கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் 0.7 மில்லிமீற்றர் பெருக்கும். பெடல் தாழப் போவது அந்த இடைவெளியை நிரப்பத்தான். டிஸ்க்கில் இது தலைகீழ். தட்டு சூடாகும்போது தடித்து பேட்டை நோக்கி வரும். இரண்டு பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்கிறது. வாய்க்காலில் இறங்கி ஏறினாலும் தண்ணீரை உதறிவிடும்.

1902இல் பிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்ற யோசனை இது. 1953இல் லு மான் ஓட்டப் பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ரேஞ்ச் ரோவர் 1970இல் நான்கு சில்லுக்கும் டிஸ்க்கோடு வந்தது. வேலைக்காரனான லேண்ட் ரோவரின் முன் சில்லுகளுக்கு டிஸ்க் கிடைக்க 1983 வரை ஆனது.

டிஸ்க்குக்குத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் குணம் கிடையாது. கால் கொடுப்பதைத்தான் திருப்பித் தரும். எனவே பைப்புக்குள் அழுத்தம் கூடுதலாக வேண்டும். கலிப்பரின் பிஸ்டன்கள் பெரியவை என்பதால் ஒயிலும் கூடுதலாக வேண்டும்; அதற்கு மாஸ்டர் சிலிண்டரும் பெரிதாக வேண்டும். ஓர் அங்குலத் துளையை வெறும் ஒன்றே அரைக்கால் அங்குலமாக்கினாலே, அதே மிதிக்கு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குறைந்ததை ஈடுகட்ட வெக்கியூம் பூஸ்டர். பெற்றோல் எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயிலிருந்தே வெற்றிடம் எடுக்கலாம். டீசல் எஞ்சினில் காற்றைத் தடுக்கும் வால்வு இல்லாததால் அங்கே வெற்றிடமே கிடைக்காது. அதற்கென ஒரு வெக்கியூம் பம்ப் வேண்டும். பல ஜப்பானிய டீசல்களில் அது ஓல்டர்னேட்டரின் முதுகில் பூட்டி வரும். பஞ்சிகாவத்தையில் கலிப்பரும் தட்டும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்பியவர், பெடல் கல்லாக இருக்கிறது என்று புலம்புவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு சின்ன வால்வு இருக்கிறது. டிரம் பிரேக்குக்கான பழைய ஏற்பாட்டில், ஷூவின் ஸ்பிரிங் ஒயிலை முழுக்கத் திருப்பித் தள்ளிவிடாதபடி பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் பிடித்து வைக்கும் வால்வு. டிஸ்க்கில் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் இல்லை. அந்த வால்வைக் கழற்றாமல் விட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். வெப்பத்துக்குப் பயந்து போட்ட டிஸ்க், தட்டையான நிந்தவூர் வீதியிலேயே புகையும்.

முன்னுக்கு டிஸ்க்கும் பின்னுக்கு டிரம்முமாக விடுவதில் தவறில்லை. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது 88 அங்குல ஜீப்பில் 400 கிலோ அளவு சுமை பின்னாலிருந்து முன்னுக்குச் சாய்ந்துவிடும். முன் சில்லுக்குத்தான் வேலை. பின்பக்கம் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தால் வாகனம் வாலைச் சுழற்றும். டபுள் கெப்புகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த வால்வு சுமைக்கு ஏற்றபடி இதைச் சீர்செய்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தி அழகு பார்ப்பவர்கள் அந்தக் கம்பியையும் கவனிக்க வேண்டும். உடம்பு உயர்ந்தால் பின்னுக்குச் சுமையில்லை என்று வால்வு எண்ணி, பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

இந்தக் கரைக்கே உரிய எதிரி உப்பு. பிரேக் பைப் துருப்பிடிப்பது மேலே தெரியும் பக்கத்தில் அல்ல. சேசிஸில் கிளிப் பிடித்த இடத்தில், மணலும் ஈரமும் தங்கும் மூலையில். வெறும் செம்புக் குழாய் போட்டுச் சமாளிக்கிறார்கள். அது அதிர்வில் இறுகி வெடிக்கும். செம்பு–நிக்கல் கலப்புக் குழாய் இரண்டுக்கும் தாங்கும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 140 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகித் தரை தொடும். கண்டி இறக்கத்தில் நிகழும் பல “பிரேக் இல்லாமல் போன” கதைகளை, பிரேக்கைக் குறை சொல்லும் முன் ஒயிலிலிருந்து விசாரிக்கத் தொடங்கலாம்.

ஒரு பழைய டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். உள்ளே செந்தூள், லைனரில் மணல் கிழித்த கோடுகள், சில் சிலிண்டரின் றப்பர் மூடியை விரலால் விலக்கினால் கசியும் ஒயில், பல வருடமாக யாரும் திருப்பாத அட்ஜஸ்டர். (பழைய லைனர் தூளை கொம்பிரஸரால் ஊதாதீர்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.) இந்த நிலையில் இருக்கும் டிரம்மோடு புது டிஸ்க்கை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

என்னிடம் கேட்டால் முதல் செலவு டிஸ்க்குக்கு இல்லை. பைப், ஹோஸ், சில் சிலிண்டர், புது ஒயில். அடுத்தது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே சுற்றுத்தான். ஒரு மூட்டு கசிந்தால் நாலும் போய்விடும். ஹேண்ட் பிரேக்கை நம்பலாம் என்றால் லேண்ட் ரோவரில் அது சில்லில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டில். ஓடும்போது இழுப்பதற்கானது அல்ல. ஒரு பின் சில்லை ஜக்கில் தூக்கினால்கூட வாகனம் உருளக்கூடும். மூன்றாவதாகத்தான் பூஸ்டரும் முன் டிஸ்க்கும், அதுவும் ஒரே முறையில் முழு செட்டாக. அதே கம்பனியின் பிந்திய மாடலிலிருந்து எடுத்தால் அளவுகள் ஒத்துவர வாய்ப்பு அதிகம்.

புது பேட் பூட்டிய அன்றே மலைக்குப் போகக் கூடாது. காலையில் சனமில்லாத நேரம் நேரான வீதியில் 50க்கு ஏற்றி 10க்கு இறக்கி, முழுதாக நிறுத்தாமல், சில தடவை செய்து பழக்கி, பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். அடுத்த நாள் கலிப்பர் போல்ட்டுகளைத் திரும்பவும் இறுக்கிப் பார்த்து, பைப் மூட்டுகளில் ஈரம் தட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பதினெட்டு வளைவில் இறங்கும்போது, டிஸ்க்கோ டிரம்மோ, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.