குசினியில் கூடிய பள்ளிக்கூடம்

"நாற்பது வயதுக்கு மேலே எங்களுக்கென்ன படிப்பு, சுவாமி? பிள்ளைகளைப் படிப்பியுங்கோ, அது போதும்." வளர்ந்தோர் கல்வி பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலில் வரும் மறுமொழி இதுதான். இப்படிச் சொல்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காணியை விட்டு வந்தவருக்கு அன்றன்றைய அடுப்பு எரிவதே பெரும்பாடு. ஆனால் படிப்பு என்றால் கரும்பலகையும் வாங்கும்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோமே, அங்கேதான் பிழை தொடங்குகிறது. வேறு விதமாகப் படித்த ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம் உண்டு. அதன் கிழக்குப் பகுதியில் வாழ்ந்தோரில் பலர் இடம்பெயர்ந்தோரின் வழிவந்தவர்கள். ஸ்கொட்லாந்து மலைநாட்டில் நிலப்பிரபுக்கள் செம்மறியாடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை எழுப்பியபோது கப்பலேறி வந்தவர்கள் ஒரு சாரார். மற்றொரு சாரார் அக்கேடியர் எனப்படும் பிரெஞ்சு மொழி பேசும் விவசாயிகள். ஆங்கிலேயர் 1755 முதல் இவர்களை வளமான வயல்களிலிருந்து பிடுங்கி நாடு கடத்தினர். திரும்பி வந்தவர்களுக்கு அந்த வயல்கள் கிடைக்கவில்லை. கல்லும் குளிருமான கரையோரங்களே கிடைத்தன. கமக்காரர் மீனவராயினர்.

மீனவரானபின் அவர்கள் பட்ட பாடு நமக்குப் புதியதல்ல. பருவத் தொடக்கத்தில் வலையும் மாவும் முதலாளியிடம் கடனாக வாங்க வேண்டும். பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே அவரிடம் கொடுக்க வேண்டும். வருட முடிவில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் கடன் அப்படியே இருக்கும். இளைஞர்கள் பொஸ்ரன் நகருக்கு வேலை தேடிப் புறப்பட்டார்கள்.

1922 இன் இறுதியில் கன்சோ என்ற மீன்பிடி ஊருக்கு அருட்தந்தை ஜேம்ஸ் ரொம்ப்கின்ஸ் பங்குக் குருவாக அனுப்பப்பட்டார். அன்ரிகொனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் உயர் பதவியில் இருந்தவர் அவர். பல்கலைக்கழகங்களை ஒன்றிணைக்க வேண்டுமென வாதாடியதை ஆயர் விரும்பாததால் வந்த மாற்றம் அது. (அதிகாரிகளின் கோபத்தால் நல்லது விளைவதும் உண்டு.) அவர் துறைமுகத்தில் நடந்து திரிந்து, கண்டவர் கையில் சிறு பிரசுரங்களைத் திணித்துக் கேள்வி கேட்டார். 1927 யூலை முதலாந் திகதி கனடா தனது 60 ஆவது ஆண்டைக் கொண்டாடியபோது, நாங்கள் கொண்டாட என்ன இருக்கிறது என்று கன்சோ மீனவர்கள் கூட்டம் கூட்டினார்கள். அதைத் தொடர்ந்து அரசு விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. 1928 இல் பல்கலைக்கழகம் மக்களிடம் சென்று கற்பிக்கத் தனிப் பகுதியொன்றை ஏற்படுத்தி, ரொம்ப்கின்ஸின் உறவினரான அருட்தந்தை மோசஸ் கோடியை அதற்குப் பணிப்பாளராக்கியது.

அவருடைய முறை மிக எளியது. முதலில் ஊர்க் கூட்டம். பிறகு ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்கள். கிழமைக்கு ஒருநாள், யாராவது ஒருவரின் வீட்டுக் குசினியில், படகுகள் கரையேறிக் கிடக்கும் குளிர்காலத்தில் கூடுவார்கள். வாசிக்கத் தெரிந்தவர் வாசிப்பார், தெரியாதவர் கேட்பார். எழுத்துக் கூட்டுவதில் அவர்கள் தொடங்கவில்லை. சிங்க இறாலுக்கு இங்கே என்ன விலை, பொஸ்ரன் சந்தையில் என்ன விலை, இடையிலுள்ள பணம் யார் யாரிடம் போகிறது என்ற கேள்வியில் தொடங்கினார்கள். விடை தேடும்போது கணக்கும் வாசிப்பும் தேவைப்பட்டன. தேவைப்பட்டதால் வந்தன. புனித மார்த்தா சபைச் சகோதரிகள் நூல்களையும் பிரசுரங்களையும் ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1930 களின் முடிவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் இயங்கின.

கைத்தொழில் அதன் பிறகே வந்தது. லிற்றில் டோவர் என்ற வறிய ஊரில் மீனவர் தாமே காட்டில் மரம் தறித்து, இறாலைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையைத் தம் கைகளால் கட்டினர். றிசேவ் மைன்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்கு 1935 இல் மாற்றப்பட்ட ரொம்ப்கின்ஸ், தம் அறைமனையிலேயே நூலகம் திறந்தார். சுரங்கத் தொழிலாளர் சிலர் சொந்த வீடு வேண்டுமென்றபோது, முதலில் படியுங்கள் என்றார். நியூயோர்க்கிலிருந்து வந்த மேரி ஆணல்ட் என்ற பெண்மணி அவர்களுடன் இருந்து உதவினார். வரைபடம் வாசிப்பது, மரத்தின் விலை, கடன் வட்டி எல்லாவற்றையும் மாதக்கணக்காகப் படித்தபின், அரசுக் கடனையும் தம் உழைப்பையும் சேர்த்து 1938 இல் 11 வீடுகளைக் கட்டி முடித்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு ரொம்ப்கின்ஸ்வில் என்று பெயர்.

இந்த ஒழுங்குமுறையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. முன்னொரு காலத்தில் நான் பணிசெய்த இடத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தி, ஆளுக்கொரு மெசினும் கொடுத்தோம். படமும் எடுத்தோம். தைத்த சட்டையை யார் வாங்குவார், சந்தையில் விற்கும் சட்டை என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் மெசின்களில் பாதி கைமாறிவிட்டது. பெண்கள் சோம்பேறிகள் என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. பிழை பெண்களில் இல்லை. விலையை விசாரிக்கமுன் நூல் கோர்க்கப் பழக்கிய எங்களில்தான்.

கனடாக் கதையில் எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேகம் தணிந்தது. பல சங்கங்கள் மறைந்துபோயின. பெண்கள் மிக உழைத்தும் தலைமைப் பதவிகள் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. அவர்களுக்குச் சொந்தப் படகாவது இருந்தது, காணி உறுதியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. ஆயினும் கடன் சங்கங்கள் நிலைத்தன. 1959 இல் கோடியின் பெயரால் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய நிறுவனத்தில் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் கிராமப் பணியாளர்கள் வந்து பயின்றிருக்கிறார்கள்.

இன்னொன்று. உங்களில் மேசன் வேலை, தச்சு வேலை, மோட்டார் திருத்தும் வேலை அனுபவத்தால் அறிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்து காட்டி, மதிப்பீட்டாளர் திருப்திப்பட்டால் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறும் வழி இலங்கையில் உண்டு. கைவேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாததால் கூலிக் குறைவை ஏற்பவர்கள் இதை விசாரிக்க வேண்டும்.

குழு தொடங்க விரும்புவோர் மண்டபம் தேட வேண்டாம். ஒரு திண்ணையும் ஒரு கொப்பியும் போதும். முதல் நான்கு கிழமைகளுக்கு, உங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு பொருளையும், விற்ற ஒவ்வொரு பொருளையும், யாரிடம், என்ன விலைக்கு என்று எழுதுங்கள். உரம் வாங்கிய கடனையும் வட்டியையும் விடாமல் எழுதுங்கள். ஐந்தாங் கிழமை எல்லோருடைய கொப்பிகளையும் விரித்து வைத்துப் பாருங்கள். எந்தத் தொழிற்பயிற்சி வேண்டும் என்று எமக்கு எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.