பாலைவன நகரில் ஒரு வாரம்: ஆர்.வீ. பயணத்துக்குப் புறப்படுமுன்



பனிக்காலம் தொடங்கியதும் கனடாவிலிருந்து பெருந்தொகையானோர் தெற்கே புறப்படுவது வழமை. எம்மவர்களில் அனேகர் புளோரிடாவோடு நின்றுவிடுகிறோம். ஆனால் ஆர்.வீ. என்று சொல்லப்படும் வீட்டு வாகனத்தை வாடகைக்கு எடுத்து, அம்மா அப்பா பிள்ளைகளோடு, எங்கள் சோறு கறியை நாங்களே சமைத்துக்கொண்டு பாலைவனப் பக்கம் போய்வர முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். அரிசோனா மாநிலத்தின் ரூசான் நகரில் இரண்டு குளிர்காலங்களில் குடும்பத்தோடு தங்கியவன் என்ற வகையில், அந்த ஊரையே உதாரணமாக எடுத்து விளக்குகிறேன்.

முதலில் கடதாசி, பிறகு வாகனம்

கனடியக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கடவுச்சீட்டு போதும். நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கைக் கடவுச்சீட்டோ அகதிப் பயண ஆவணமோ வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். அதற்கு நேர்முகம் உண்டு. ஆகவே மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்கிறேன். கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவுரிமை பெற்று, இன்னும் குடியுரிமை எடுக்காத ஒருவர், ஒரு விடுமுறைப் பயணத்துக்காக இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டாம். “எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடிவிட்டீர்கள்” என்று அரசாங்கம் வாதிட இது இடம் கொடுக்கும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்தக் காரணத்தால் அகதிப் பாதுகாப்பு நீங்கினால் நிரந்தர வதிவுரிமையும் சேர்ந்தே போய்விடும். இப்படிப்பட்டவர்கள் அகதிப் பயண ஆவணத்தில் போகலாம், அல்லது குடியுரிமை கிடைக்கும்வரை பொறுக்கலாம். கோரிக்கை இன்னும் விசாரணையில் இருப்பவர்கள் கனடாவை விட்டு வெளிக்கிடவே கூடாது. ஏற்கெனவே கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால், எல்லையைக் கடக்குமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள்.

அடுத்தது காப்புறுதி. ஒன்ராறியோவின் மருத்துவ அட்டை அமெரிக்க வைத்தியசாலைக் கட்டணத்தில் மிகச் சிறு பங்கையே தரும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்குப் பயணக் காப்புறுதி எடுக்கும்போது, பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த நோய்க்குப் பணம் கிடைக்காது. மருந்துகளை அவற்றின் சொந்தப் போத்தலிலேயே கொண்டு போங்கள். கறிவேப்பிலை, தேசிக்காய் போன்றவற்றை எல்லைக்குக் கொண்டு போக வேண்டாம். பயிர்நோய் பரவும் என்பதால் அவற்றைப் பறித்துவிடுவார்கள்.

எந்த மாதம், எந்த வாகனம்

நவம்பர் முதல் மார்ச் வரையே எங்களுக்கு ஏற்ற காலம். ஜனவரியில் பகல் ஏறத்தாழ 19 பாகை, இரவு 4 அல்லது 5 பாகை. பாலைவனம்தானே என்று கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜூனில் 38 பாகையைத் தாண்டும். ஜனவரிக் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதிவரை பெரிய இரத்தினக்கல் கண்காட்சி நடப்பதால் தங்குமிடங்கள் நிறைந்துவிடும்.

ரொறன்ரோவிலிருந்து தரைவழியே போனால் மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். பீனிக்ஸ் நகருக்கு விமானத்தில் போய், அங்கே வாகனம் எடுத்து, 180 கிலோமீற்றர் தெற்கே ஓடுவது இலகு. சாதாரண ஜி வகுப்பு அனுமதிப்பத்திரமே வாடகை ஆர்.வீ.க்குப் போதும்.

ஆர்.வீ.யை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சிறிய கார் ஒன்றையும் வாடகைக்கு எடுப்பதே என் ஆலோசனை. மின்சாரம், தண்ணீர்க் குழாய்களைக் கழற்றிப் பூட்டித் தினமும் அரை மணித்தியாலம் வீணாக்க வேண்டியதில்லை. சில வீதிகளில் பெரிய வாகனம் போகவும் முடியாது. சவாரோ தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதிச் சுற்றுவீதியில் 35 அடிக்கு மேல் நீளமான வாகனத்துக்குத் தடை. மேற்கே கேற்ஸ் கணவாய் வீதி ஆர்.வீ.க்கு உகந்ததல்ல.

அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஆர்.வீ. நிறுத்துமிடம் கிடையாது. நகருக்கு வடக்கே கற்றலினா மாநிலப் பூங்காவில் மின்சாரமும் தண்ணீரும் உண்டு. மேற்கே மாவட்ட நிர்வாகத்தின் கில்பேட் ரே முகாமில் மின்சாரம் மட்டும் உண்டு. ஆனால் சவாரோக் கள்ளிகளுக்கு நடுவே தூங்கி எழும்பலாம். எல்லா வசதியும் வேண்டுமென்றால் நகரத்துத் தனியார் நிலையங்கள் இருக்கின்றன.

வாகனத்துக்குள் குடித்தனம்

ஆர்.வீ.யில் மூன்று தாங்கிகள் உண்டு: நல்ல தண்ணீர், கழுவிய தண்ணீர், மலசலத் தண்ணீர். மலசலத் தாங்கியின் திறப்பை எப்போதும் மூடியே வைத்து, முக்கால்வாசி நிரம்பியதும் திறவுங்கள். திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கழிவு அடியில் இறுகிவிடும். வெளியேற்றும்போது முதலில் மலசலத் தாங்கி, பிறகு கழுவிய தண்ணீர். அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கறிச்சட்டி எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

பெரும்பாலான இடங்களில் 30 அம்பியர் இணைப்பு, அதாவது ஏறத்தாழ 3,600 வாற்ஸ். குளிரூட்டியும், மின்கேத்திலும், மைக்றோவேவும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் நின்றுவிடும். சோற்றுப் பானையைப் போட்டால் கேத்திலை நிறுத்துங்கள். தாளிக்கும்போது கூரையிலுள்ள காற்றாடியைப் போட மறக்க வேண்டாம். புகையெச்சரிக்கைக் கருவி தலைக்கு மேலேயே இருக்கும்!

நான்கு நாள், நான்கு திசை

மேற்கு: காலையில் அரிசோனா-சொனோரா பாலைவன நூதனசாலை. 1952இல் தொடங்கியது. நூதனசாலை என்ற பெயர் இருந்தாலும் பெரும்பகுதி திறந்தவெளியில் விலங்குகளும் செடிகளும்தான். அதன்பின் சவாரோ பூங்காவின் மேற்குப் பகுதி. சவாரோ என்பது 12 மீற்றருக்கு மேலும் வளரக்கூடிய கள்ளி. 150 வருடங்களுக்கு மேலும் வாழும். முதல் கிளை விடவே 50 முதல் 75 வருடம் எடுக்கும். சிறு கன்றாக இருக்கும்போது வேறொரு மரத்தின் நிழலில்தான் தப்பிப் பிழைக்கும். தொஹோனோ ஓதாம் பழங்குடி மக்கள் கோடையில் நீண்ட கம்பால் அதன் பழத்தைப் பறித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். பனையோடு வாழ்ந்த எங்கள் பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்.

வடக்கு: லெமன் மலை. அடிவாரத்திலிருந்து 43 கிலோமீற்றர் ஏற்றம். கள்ளிக்காட்டில் தொடங்கி, ஒரு மணித்தியாலத்தில் பைன் மரக்காட்டுக்குள் நிற்பீர்கள். உச்சி 2,790 மீற்றர். மேலே பனி கொட்டியிருக்கலாம். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த உயரம் சிரமம்.

கிழக்கு: பென்சன் ஊருக்கு அருகே காட்ச்னர் குகை. 1974இல் இரு இளைஞர்கள் கண்டுபிடித்து, பாழாகிவிடக்கூடாது என்பதற்காகப் பதினான்கு வருடங்கள் இரகசியமாக வைத்திருந்தார்கள். 1999இல் மக்களுக்குத் திறந்தது. முன்பதிவு அவசியம். அங்கிருந்து பிஸ்பி என்ற பழைய செப்புச் சுரங்க ஊருக்குப் போகலாம். 1917 ஜூலை 12இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,200 பேரை, அவர்களில் பலர் குடியேறிகள், ஆயுத முனையில் மாட்டு ரயில்பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள்.

தெற்கு: ஐ-19 நெடுஞ்சாலை. அமெரிக்காவில் தூரத்தைக் கிலோமீற்றரில் காட்டும் அபூர்வமான வீதி. வழியில் 1797இல் கட்டி முடிக்கப்பட்ட சான் சேவியர் தேவாலயம், பிறகு ரைற்றன் ஏவுகணை நூதனசாலை, அதன்பின் ருபாக் கிராமம். நொகாலிஸ் எல்லையைக் கடந்து மெக்சிக்கோவுக்குப் போக வேண்டாம். வாடகை வாகனத்தின் காப்புறுதி அங்கே செல்லாமல் போகலாம். ஒரு தடவை மட்டும் நுழையும் விசாவில் வந்தவர்களுக்குத் திரும்பி வருவதும் சிக்கல்.

சோதனைச்சாவடி

தெற்கேயிருந்து திரும்பும்போது ருபாக்குக்கு அருகே எல்லைக் காவல்படையின் சோதனைச்சாவடி வரும். எல்லையைத் தாண்டாவிட்டாலும் நிற்க வேண்டும். ரூம்ஸ்ரோன் பக்கமிருந்து வரும் வீதியிலும் ஒன்று உண்டு. ஓமந்தையில் வரிசையில் நின்ற எங்களுக்கு அந்தச் சொல்லே வயிற்றைக் கலக்கும். அதனால்தான் முன்பே சொல்கிறேன். 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படி நிறுத்திக் குடியுரிமை பற்றிக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல் வாகனத்தைச் சோதனையிட முடியாது. வழமையாக ஓரிரு கேள்விகள்தான். எல்லோருடைய மூல ஆவணங்களும், வருகைப் பதிவின் அச்சுப்பிரதியும் காரிலேயே இருக்கட்டும். ஆர்.வீ.யில் விட்டுவிட்டு வர வேண்டாம். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மா அப்பாவுக்கு என்ன கேட்பார்கள் என்று முதல்நாளே சொல்லி வையுங்கள்.

தண்ணீர்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர். தாகம் வருமுன் குடிக்க வேண்டும். மழை பெய்தால் வீதியைக் குறுக்கறுக்கும் வெள்ளத்தில் காரை இறக்காதீர்கள். தடையை மீறி இறங்கி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்களிடமே அறவிட அரிசோனாவில் சட்டம் உண்டு. காட்டுப்பாதைகளில் நீலக் கொடியும் அதன்கீழ் தண்ணீர்ப் பீப்பாவும் கண்டால், அது எல்லை தாண்டி நடந்து வருபவர்களுக்காகத் தொண்டர்கள் வைத்தது. அந்தப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் விளக்குங்கள்.

ரூசானில் இன்னொரு இடத்தையும் அவர்களுக்குக் காட்டலாம். 1982 மார்ச் 24இல் சவுத்சைட் பிரஸ்பிற்றேரியன் தேவாலயம், எல்சல்வடோர், குவாத்தமாலா நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் தருவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. போதகர் ஜோன் பைவ் உட்படச் சிலர் 1986இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். சிறை செல்லவில்லை. அவர்கள் தொடங்கிய அடைக்கல இயக்கம் நாடெங்கும் பரவியது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம்தான். கதவு தட்டியவர்களுக்கு யாரோ திறந்ததால் இன்று விடுமுறை போகும் நிலையில் இருக்கிற எங்களுக்கு, அதன் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது வீண்போகாது.