பரோலுக்கு எந்த ஊரைக் கேட்கிறார்கள்?

ஆயுள் தண்டனையில் இருக்கும் மகனுக்காக மனு எழுத வந்திருந்தார் அந்த அம்மா. தொகுப்பு வீட்டின் கூரை பெயர்ந்து விழுகிறது. வந்து சரிசெய்ய மகனுக்கு விடுப்பு வேண்டும். போன மனு தள்ளுபடி ஆகியிருந்தது. காரணம் ஒரே வரி: ஊரில் எதிர்ப்பு உள்ளது.

"எங்க தெருவுல யாரும் எதிர்க்கலையே தம்பி. எங்களை யாரும் வந்து கேக்கவே இல்ல" என்றார்.

நாம் பரோல் என்பதை அரசு 'விடுப்பு' என்கிறது. 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு விதிகளில் அது இரண்டு வகை. நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், திருமணம் என்றால் அவசர விடுப்பு. வீடு பழுதுபார்க்க, விதைப்பு அறுப்பு பார்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க சாதாரண விடுப்பு. இதற்கு நன்னடத்தை அலுவலரின் விசாரணை அறிக்கை வேண்டும்.

அந்த அறிக்கையில்தான் சிக்கல். விசாரிக்க வருபவர் பேருந்திலிருந்து இறங்குவது ஊர்த்தெருவில். டீக்கடையும் அங்கே, ஊராட்சி அலுவலகமும் அங்கே. காலனி தள்ளி இருக்கிறது. வழக்கின் எதிர்த்தரப்பும் ஊர்த்தெரு என்றால், அவர்கள் சொல்வதே 'ஊர்' சொன்னதாக எழுதப்படுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அச்சத்தைக் கேட்கத்தான் வேண்டும். நம் ஆட்களைக் கொன்றவர்கள் விடுப்பில் வரும்போது நாமும் அதைத்தானே கேட்கிறோம்? ஆனால் அச்சம் வேறு, 'அவன் இங்கே தலைகாட்டக் கூடாது' என்ற ஊர்க்கட்டுப்பாடு வேறு.

சிறைக்குள் சாதி பார்ப்பது செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அதில் பேசப்பட்டது. பதிவேட்டில் சாதி கேட்கும் பத்தியை நீக்கவும் உத்தரவு. நல்லது. அறிக்கையில் 'ஊர்' என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் சாதியை யார் நீக்குவது?

மனு எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலனியிலும் விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். பட்டியல் சாதியினருக்கும் சிறையில் இருப்பவருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம்.

எதற்கும் இருக்கட்டும் என்று, தங்கும் இடத்துக்கு வேறு ஒன்றியத்தில் உள்ள மகள் வீட்டு முகவரியைப் போடலாமா என்று கேட்டேன். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை.

"அங்க தங்குனா இங்க கூரையை யாரு தம்பி போடுறது?"