மலை மறைத்த மழையைத் தேடிப் போன லாரி

2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கொலாபாவிலோ 73 தான். என் தகப்பனார் தண்டவாளத்தோரமாகவே நடந்து மறுநாள் வீடு வந்து சேர்ந்தார். ஒரே ஊரில் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று அன்று கேட்காதவர் இல்லை.

பசிபிக் மகாசமுத்திரத்தில், ஹவாயைச் சேர்ந்த ஓவாஹு தீவில் இது அன்றாடக் கதை. வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கூலாவ் மலைத்தொடரில் மோதி, மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிச் சில மைல் போனால் வைக்கீக்கீ கடற்கரையில் வெயில் காயும்.

அந்த மழையை அளப்பது லேசான காரியமல்ல. சாதாரண நாட்களில் அங்கே மேகங்கள் இரண்டு, இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. வானிலை இலாகாவின் ரேடார்களோ பக்கத்துத் தீவுகளான கவாயிலும் மொலோகாயிலும் இருந்தன. பூமி வளைந்திருப்பதால் அவற்றின் அலை ஓவாஹுவை எட்டும்போது மேகத்தின் தலையைத் தடவிக்கொண்டு போய்விடும். மிச்சத்தை மலை மறைக்கும்.

2004 அக்டோபர் 30 இரவு மனோவா ஓடை கரைபுரண்டு ஹவாய் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் புகுந்தது. வரைபடங்களும் அரசாங்க வெளியீடுகளும் சேற்றில் நாசமாயின.

அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 2013 அக்டோபர் 21 முதல் நவம்பர் 13 வரை, லாரியில் பொருத்திய ரேடார் ஒன்றை வைத்து ஆராய்ச்சி நடத்தினார்கள். பலூனும் பறக்கவிட்டு, 16 தடவை மழையைத் துருவிப் பார்த்தார்கள். இத்தனையும் செய்தவர்கள் பாடம் படிக்கும் பிள்ளைகள் என்பதுதான் எனக்கு வியப்பு.

ரயில் நெருங்கும்போது ஊதல் கூர்மையாகவும், கடந்தபின் கனத்தும் கேட்கிறதல்லவா? அந்தத் தத்துவத்தில்தான் மழைத்துளி வருகிறதா போகிறதா, என்ன வேகம் என்பதை ரேடார் கண்டுகொள்கிறது. இன்னொரு சாமர்த்தியமும் அதற்கு உண்டு. பெரிய துளி விழும்போது காற்று தடுப்பதால் நம் பாவ் ரொட்டி போலத் தட்டையாகிவிடும். சிறு துளி உருண்டையாகவே இருக்கும். அலையைக் கிடைவாட்டிலும் நெட்டுக்குத்தாகவும் அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டால் துளியின் அளவு பிடிபடும்.

குறையும் உண்டு. அலையின் நீளம் 3 சென்டிமீட்டர்தான். பெருமழைக்குள் புகுந்தால் சோர்ந்துவிடும். அதற்கு அப்பாலுள்ள மழை மங்கலாகத்தான் தெரியும். கணக்குப் போட்டு ஓரளவு சரிக்கட்டுகிறார்கள்.

மூன்று வாரம் பார்த்தால் போதுமா என்று என் பக்கத்து மேஜை நண்பர் கேட்டார். போதாதுதான். இங்கே கொலாபாவில் ஒரு ரேடார் இருக்க, 2022-ல் வேராவலியில் இரண்டாவதாக ஒன்று வைத்ததும் அதனால்தானே?