வீடு யாருடைய பெயரில்?

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர் என் உம்மும்மா. "சோறு அன்றைக்கே கிடைத்தது, வீடு கிடைக்கப் பல வருடம் சென்றது" என்பார். நிவாரணம் என்றால் என்னவென்று நான் அறிந்தது அவரிடம்தான்.

2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் சுனாமியாக எழுந்து, இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டது. பாதிக்கப்பட்டோருக்கு அரசு ஆளுக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான உணவும் பணமும், குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாவும், சமையல் பாத்திரங்களுக்கு 2,500 ரூபாவும் என உதவி அறிவித்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா.

வயிற்றுப் பசிக்கான உதவியில் பெயர் பெரிய விடயமல்ல. வீட்டுக்கு அப்படியல்ல. அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்து முஸ்லிம், தமிழ் ஊர்களில் சீதன வீடு மகளுக்கே உரியது என்பது வழமை. நிவாரணப் படிவமோ 'குடும்பத் தலைவர் யார்?' என்று கேட்டது. பல இடங்களில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. மனைவியின் வீட்டைக் கடல் கொண்டுபோக, புதிய வீடு கணவனுக்கு உரியதாயிற்று. நாளை அவர்கள் பிரிய நேர்ந்தால் அவள் எங்கே போவாள்?

எனவே படிவம் முதலில் கேட்க வேண்டியது, 'அழிந்த வீடு யாருடையது?' என்பதையே. அவளுடையதெனில் புதியதும் அவளுக்கே. இருவருடையதெனில் இருவர் பெயரிலும் உறுதி எழுதலாம்.

உம்மும்மாவின் தகரப் பெட்டியில் மன்னார்க் காணி உறுதி இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதில் இருப்பது அவருடைய பெயர். படிவம் நிரப்பப் பேனாவை எடுக்கும் நாளில், தோழியரே, அந்த ஒரு வரியை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.